ஸ்மார்ட் பல்பின் கதவு உரிமையாளருக்குத் திறக்கட்டும்

பெறுநர்: மலிவு விலை ஸ்மார்ட் பல்புகளைத் தங்கள் வணிகப் பெயரில் விற்பனை செய்யும் நிறுவனங்களின் பொறுப்பாளர்கள்

மதிப்பிற்குரியோரே,

கைபேசியிலிருந்தே நிறத்தையும் ஒளியளவையும் மாற்றக்கூடிய வைஃபை பல்புகளைத் தங்கள் நிறுவனங்கள் இன்று சில நூறு ரூபாய்க்கு விற்றுவருகின்றன. அவற்றை வாங்குவோரில் ஒரு சாரார், பல்புடன் வரும் நிலைபொருளை நீக்கிவிட்டு, டாஸ்மோட்டா, இஎஸ்பிஹோம், ஓப்பன்பீக்கன் போன்ற திறந்த மூல நிலைபொருள்களுள் ஒன்றை நிறுவிக்கொள்கின்றனர். நிலைபொருள் என்பது ஒரு கருவியின் நினைவகத்தில் எழுதப்பட்டு, மின்சாரம் கிடைத்தவுடன் தானே இயங்கத் தொடங்கும் மென்பொருளாகும்; அதன் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவருக்கும் உரிமம் வழங்கப்பட்டிருந்தால் அது திறந்த மூல நிலைபொருள் எனப்படுகிறது. இம்மாற்றத்தைச் செய்ய உரிமையாளர்களுக்கு இதுவரை வாய்த்த வழிகள் பெரும்பாலும் இரண்டே: ஒன்று, பல்பை அறுத்துத் திறப்பது, மற்றொன்று, அதன் மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டையைப் பயன்படுத்துவது. முதல்வழி உயிருக்கு ஆபத்தானது. இரண்டாம்வழி அந்நியர்களுக்கும் பயன்படக்கூடியது. இவ்விரண்டையும் தேவையற்றவையாக்கும் மூன்றாம்வழி ஒன்றை, நேரானதும் ஆவணப்படுத்தப்பட்டதுமான ஒரு வழியைத் தங்கள் நிறுவனங்களே அமைத்துத் தரவேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

கோரிக்கையின் நியாயம் விளங்க, பல்பின் உள்ளமைப்பைச் சுருக்கமாகவேனும் நோக்க வேண்டும். ஒரு வைஃபை பல்பினுள் மூன்று பகுதிகள் உள்ளன. ஹோல்டரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைக் குறைந்த அழுத்தமுள்ள நேர்திசை மின்சாரமாக மாற்றும் மின்வழங்கிச் சுற்று முதலாவது. சிவப்பு, பச்சை, நீலம், குளிர் வெண்மை, இதமான வெண்மை ஆகிய ஐந்து தடங்களாகப் பிரிக்கப்பட்ட எல்இடிகள் பொருத்தப்பட்ட அலுமினியத் தகடு இரண்டாவது. எல்இடிகளின் ஒளியை ஆளும் வைஃபை சில்லு மூன்றாவது. ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014இல் சந்தைக்குக் கொண்டுவந்த இஎஸ்பி8266 என்னும் சில்லும், 1 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகத்தைத் தன்னுள்ளேயே கொண்ட அதன் உடன்பிறப்பான இஎஸ்பி8285உம் தொடக்ககாலப் பல்புகள் பலவற்றில் இடம்பெற்றன. பின்னர் வந்தவற்றில் பீக்கன் நிறுவனத்தின் பிகே7231 வகைச் சில்லுகள் பரவலாயின. சில்லு செய்யும் வேலையோ எளியது. ஒவ்வொரு தடத்தையும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து ஏற்றி, ஏற்றிவைக்கும் நேரத்தின் விகிதத்தைக் கூட்டியும் குறைத்தும் ஒளியளவை அது மாற்றுகிறது. துடிப்பு அகலப் பண்பேற்றம் எனப்படுவது இதுவே. சில பல்புகளில் சில்லு இவ்வேலையை நேரடியாகச் செய்யாமல், எஸ்எம்2135, பிபி5758டி போன்ற தனி எல்இடி இயக்கிச் சில்லுகளுக்கு எண்களாகக் கட்டளை அனுப்பிச் செய்விக்கிறது.

இத்துணை எளிய வேலையைச் செய்யும் கருவி, இயங்கத் தொடங்குவதற்குத் தொலைவிலுள்ள ஒரு சேவையகத்தின் இசைவை நாடி நிற்கிறது என்பதே சிக்கலின் வேர். தங்கள் நிறுவனங்களுள் பல, பல்பின் மின்னணுப் பகுதியையும் நிலைபொருளையும் கைபேசிச் செயலியையும் தாமே உருவாக்குவதில்லை. சீனாவின் ஹாங்ஜோ நகரில் 2014இல் தொடங்கப்பட்ட டூயா போன்ற ஒரு தளநிறுவனத்திடமிருந்து அனைத்தையும் ஒரே தொகுப்பாகப் பெற்று, மேலுறையிலும் செயலியிலும் தத்தம் பெயரைப் பொறிக்கின்றன. அதனால் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் பல்புகள் உள்ளே ஏறத்தாழ ஒரே பொருளாக இருப்பதும், அவை அனைத்தும் ஒரே சேவையகக் கூட்டத்தில் பதிவாவதும் வழக்கமாகிவிட்டன. புதிய பல்பை முதன்முறை இணைப்பதற்கும், ரவுட்டர் மாறினால் மீண்டும் இணைப்பதற்கும், குரல்வழிக் கட்டளைக்கும் அச்சேவையகம் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சேவையகங்கள் நிலையானவை அல்ல என்பதற்குச் சான்றுகள் உள்ளன. நெஸ்ட் நிறுவனம் 2014இல் கையகப்படுத்திய ரிவால்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் சேவை 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டபோது, ஏறத்தாழ 300 டாலர் கொடுத்து அதை வாங்கியிருந்தவர்களின் கருவி இயக்கமற்ற பெட்டியாயிற்று. 2022 ஏப்ரலில், வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சேவையகங்கள் முன்னறிவிப்பின்றி நின்றுபோயின. சில மாதங்களில் பயனர் குழு ஒன்று முன்வந்து நிறுவனத்தின் உடைமைகளை வாங்கிச் சேவையை மீட்டது என்பது விதிவிலக்கான நற்பேறு. 15,000 மணிநேர ஆயுள் எனக் குறிப்பிடப்பட்ட ஓர் எல்இடி பல்பு, நாளொன்றுக்கு 5 மணிநேரம் எரிந்தால் 8 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும். 25,000 மணிநேரம் எனில் 13 ஆண்டுகளைத் தாண்டும். விளக்கின் ஆயுளைப் பெட்டியில் அச்சிடும் நிறுவனங்கள், அதை ஆளும் சேவையகத்தின் ஆயுளையும் அருகிலேயே அச்சிடும் வழக்கத்தை இன்னும் மேற்கொள்ளவில்லை.

திறந்த மூல நிலைபொருள் இச்சார்பை நீக்குகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ ஆரென்ட்ஸ் தொடங்கிய டாஸ்மோட்டா இஎஸ்பி வகைச் சில்லுகளில் இயங்குவது. ஓப்பன்பீக்கன் அதையொத்த வசதிகளைப் பீக்கன் சில்லுகளுக்குத் தருவது. இஎஸ்பிஹோம், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிறு விவரக்கோப்பு எழுதினால் அதற்கேற்ற நிலைபொருளைத் தானே கட்டித் தருவது. இவை நிறுவப்பட்ட பல்பு வீட்டு வலையமைப்புக்குள்ளேயே கட்டளை பெறுகிறது. இணைய இணைப்பு அறுந்தாலும், விற்ற நிறுவனம் தொழிலை விட்டு விலகினாலும் அது பணிபுரியும். டாஸ்மோட்டாவும் ஓப்பன்பீக்கனும் கட்டளைகளைப் பெறக் கையாளும் எம்க்யூடிடி என்னும் செய்தி நெறிமுறை, எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பின் வழியாகக் கண்காணிப்பதற்காக 1999இல் வடிவமைக்கப்பட்டது. மெலிந்த இணைப்பிலும் சிறிய சில்லிலும் இயங்கவல்லது என்பதால் அது பல்புக்கும் பொருந்தி வந்தது. எந்த முனையில் எந்த நிறம் இணைக்கப்பட்டுள்ளது என்னும் விவரத்தை டாஸ்மோட்டா பயனர்கள் வார்ப்புரு என்று வழங்குகின்றனர்; ஆயிரக்கணக்கான கருவிகளுக்கான வார்ப்புருக்களை அவர்களே அளந்து, சோதித்து, பொதுவில் தொகுத்து வைத்துள்ளனர். நிறுவனங்கள் ஒரு பக்கத் தாளில் அச்சிட்டிருக்கக்கூடிய விவரத்தைப் பயனர்கள் பல்புகளை உடைத்துக் கண்டறிந்திருக்கின்றனர் என்பதையே அத்தொகுப்பு காட்டுகிறது.

இனி, இன்றுள்ள இரு வழிகளை நோக்கலாம். முதல்வழியில், சிலிக்கான் பசையால் ஒட்டப்பட்ட பல்பின் மேற்குமிழ் அறுத்து எடுக்கப்படுகிறது. சில்லின் தரவு அனுப்பும் முனை, பெறும் முனை, 3.3 வோல்ட் மின்முனை, தரைமுனை ஆகியவற்றில் மெல்லிய கம்பிகள் சால்டரிங் செய்யப்பட்டு, யுஎஸ்பி தொடர் மாற்றி என்னும் சிறு கருவியின் வழியாகக் கணினியுடன் இணைக்கப்படுகின்றன. இஎஸ்பி8266 சில்லாயின், ஜிபிஐஓ 0 என்னும் முனையைத் தரைமுனையுடன் சேர்த்து வைத்தபடியே மின்னூட்டினால், அது வழக்கமான நிரலை இயக்காமல் புதிய நிரலைப் பெறும் நிலைக்குச் செல்கிறது. இவ்வழியின் ஆபத்து மின்வழங்கிச் சுற்றில் உள்ளது. மலிவான பல்புகளில் அச்சுற்று பெரும்பாலும் தனிமைப்படுத்தப்படாதது. அதாவது, வீட்டு மின்கம்பிக்கும் சில்லுக்கும் இடையே மின்மாற்றியின் தடுப்பு இல்லாததால், சில்லின் தரைமுனையே 230 வோல்ட் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கக்கூடும். பல்பு ஹோல்டரில் இருக்கையில் அக்கம்பிகளைத் தொடுபவரின் உயிரும், இணைத்த கணினியும் ஒருசேரப் பறிபோகலாம். ஆகவே மின்சாரத்திலிருந்து முற்றிலும் கழற்றப்பட்ட பல்பில், மாற்றி தரும் 3.3 வோல்ட்டைக் கொண்டு மட்டுமே இப்பணி செய்யப்பட வேண்டும். எத்துணை கவனமாகச் செய்தாலும், அறுத்து ஒட்டிய பல்பு தொழிற்சாலையில் பெற்ற காப்புறுதியை மீண்டும் பெறுவதில்லை.

இரண்டாம்வழி 2018 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடைபெற்ற 35ஆவது கேயாஸ் தகவல்தொடர்பு மாநாட்டில், டூயா தளத்தைச் சார்ந்த கருவிகளுக்கும் சேவையகத்துக்கும் இடையிலான உரையாடலில் உள்ள பலவீனங்களைப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் விளக்கினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் டூயா-கன்வர்ட் என்னும் நிரல்தொகுப்பு வெளியாயிற்று. ராஸ்பெரி பை போன்ற ஒரு சிறு கணினி, வைஃபை ரவுட்டராகவும் டூயா சேவையகமாகவும் ஒருங்கே நடித்து, பல்புக்குப் புதிய நிலைபொருள் வந்திருப்பதாக அறிவிக்க, பல்பும் அதை நம்பி டாஸ்மோட்டாவைத் தன்மேல் எழுதிக்கொள்ளும். பல்பைத் திறக்காமலேயே மாற்றம் முடிந்துவிடும். பின்னர் வந்த பதிப்புகளில் அவ்வோட்டை அடைக்கப்பட்டது. பீக்கன் சில்லுகளுக்கு டூயா-கிளவுட்கட்டர் என்னும் புதிய வழி கண்டறியப்பட்டது. அதுவும் புதிய பதிப்புகளில் அடைக்கப்பட்டது.

ஓட்டைகளை அடைத்தது முற்றிலும் சரி என்பதை இம்மடல் தயக்கமின்றி ஏற்கிறது. ஓட்டை வழியாக உரிமையாளர் புகமுடியுமெனில் அந்நியரும் புகமுடியும். ஓட்டைக்கு ஆள் தெரியாது. ஆனால் ஓட்டையை அடைத்தவர்கள் அதன் இடத்தில் கதவொன்றை வைக்கவில்லை என்பதே குறை. அந்நியரைத் தடுப்பதும் உரிமையாளரைத் தடுப்பதும் ஒரே செயலாகக் கருதப்பட்டதன் விளைவாக, வீடுகளில் பல்பை அறுப்போரின் எண்ணிக்கை குறைவதற்கு இருந்த ஒரு வாய்ப்பும் மறைந்தது. பாதுகாப்பின் பெயரால் செய்யப்பட்ட ஒன்று, மின்பாதுகாப்பின் கண்கொண்டு நோக்கினால், முன்னைவிட ஆபத்தான வழிக்கே மக்களைத் திருப்பியிருக்கிறது.

உரிமையாளரையும் அந்நியரையும் வேறுபடுத்தும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: பல்பு யார் கையில் இருக்கிறது என்பதே அது. வலையமைப்பின் வழியாகத் தாக்குபவர் உலகின் எம்மூலையிலும் இருக்கலாம். பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றக்கூடியவர் அவ்வீட்டில் இருந்தாக வேண்டும். இவ்வளவுகோலைத் தொழில்துறை ஏற்கெனவே கையாண்டிருக்கிறது. சோனாஃப் என்னும் பெயரில் சுவிட்சுகளை விற்கும் ஐடெட் நிறுவனம், தன் சிறு சுவிட்சு ஒன்றின் தொடக்கப் பதிப்புகளில், ஜம்பர் எனப்படும் சிறு இணைப்பித் துண்டைப் பலகையில் செருகினால் வேறு நிலைபொருளை ஏற்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் பூட்லோடர் என்னும் தொடக்க நிரலின் பூட்டைத் திறக்க உரிமையாளருக்கு இசைவுண்டு. ஆனால் திறக்கும்போது உள்ளிருக்கும் தரவு முழுவதும் அழிக்கப்படுகிறது. திறப்பவர் திருடராயின் அவருக்கு வெற்றுக் கருவியே கிடைக்கும்.

இவ்விரு முன்மாதிரிகளையும் பல்புக்குப் பொருத்துவது கடினமன்று. சுவரில் உள்ள சுவிட்சைக் குறிப்பிட்ட முறை அணைத்து ஏற்றினால் இணைப்பு நிலைக்குச் செல்லும் வழக்கம் இன்றைய பல்புகளில் ஏற்கெனவே உள்ளது. அதற்குப் பின் சில நிமிடங்களுக்கு மட்டும், பல்பின் அடிப்பகுதியில் அச்சிடப்பட்ட, ஒவ்வொரு பல்புக்கும் வேறுபட்ட ஒரு குறியீட்டை உள்ளிடுபவருக்கு வீட்டு வலையமைப்புக்குள்ளிருந்தே புதிய நிலைபொருளை ஏற்கலாம். விருந்தினரோ குழந்தையோ சுவிட்சைத் தட்டி விளையாடினாலும் குறியீடு தெரியாமல் எதுவும் நிகழாது. குறியீட்டைப் படிக்கப் பல்பைக் கழற்ற வேண்டும். சேவையகம் மறைந்துபோன பின்னும் இம்முறை இயங்கும். திறக்கும் கணத்தில் வைஃபை கடவுச்சொல்லும் கணக்கு விவரமும் அழிக்கப்பட வேண்டும். இது வெற்றுக் கவலையன்று: 2019 ஜனவரியில் லிஃபெக்ஸ் பல்பு ஒன்றை ஆய்வாளர் ஒருவர் பிரித்துப் பார்த்தபோது, வீட்டின் வைஃபை கடவுச்சொல் மறையாக்கம் செய்யப்படாமல் நினைவகத்தில் கிடந்தது, குப்பையில் எறிந்த பல்பிலிருந்து வீட்டு வலையமைப்பின் கடவுச்சொல்லை எடுக்க முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. அந்நிறுவனம் பின்னர் அக்குறையைக் களைந்தது. இணையத்தின் வழியாக வரும் மேம்படுத்தல்களுக்கு உற்பத்தியாளரின் மின்கையொப்பச் சரிபார்ப்பு முன்போலவே தொடரலாம்.

இக்கோரிக்கைக்கு எழக்கூடிய மறுப்புகளும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. வானலைக் கட்டுப்பாடு முதலாவது: நிலைபொருளை மாற்றுபவர் வைஃபை அலையின் ஆற்றலை விதிமீறி உயர்த்தக்கூடும் என்பர். இஎஸ்பி8266 சில்லில் வானலைப் பகுதியை ஆள்வது எஸ்பிரெசிஃப் தரும் மூடிய இருமநூலகமே. டாஸ்மோட்டா அதனை அப்படியே எடுத்தாள்கிறது. முழுத் திறந்த மூலம் என்னும் இலட்சியத்துக்கு அது ஒரு குறையாயினும், இம்மறுப்பின் வலுவை அது வெகுவாகக் குறைக்கிறது. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2016 ஆகஸ்டில் ரவுட்டர்களின் ஆற்றல் வரம்பு தொடர்பாக டிபி-லிங்க் நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், 2,00,000 டாலர் தண்டத்தொகையோடு, வெளியார் நிலைபொருளுக்கு இடமளிக்கும் முயற்சிகளையும் அந்நிறுவனம் மேற்கொள்ள இசைந்தது. விதியைக் காப்பதற்குப் பூட்டு ஒன்றே வழியன்று என்பதை ஒழுங்குமுறை அமைப்பே ஏற்றதற்கு அது சான்று.

வெப்பம் இரண்டாவது மறுப்பு. இதில் பொருள் உண்டு. ஐந்து தடங்களும் ஒரே நேரத்தில் முழு அளவில் எரியுமாறு பெரும்பாலான பல்புகள் வடிவமைக்கப்படுவதில்லை. தவறான வார்ப்புரு அவ்வாறு எரியவிட்டால் மின்வழங்கிச் சுற்று வரம்பு மீறிச் சூடேறலாம். இதற்குத் தீர்வு விவரத்தை மறைப்பதன்று, வெளியிடுவது: தடங்களின் முனை எண்களும், இயக்கிச் சில்லின் பெயரும், ஒவ்வொரு தடத்துக்குமான உச்ச மின்னோட்டமும் தெரிந்தால் வரம்பைச் சரியாக அமைப்பது எளிது. திறந்த மூலம் என்றாலே பாதுகாப்பானது என்னும் எண்ணமும் தவறு. டாஸ்மோட்டாவின் வலைப்பக்கத்துக்கு நிறுவுபவர் தாமே கடவுச்சொல் வைத்தாலன்றி, வீட்டு வலையமைப்பில் உள்ள எவரும் அதைத் திறக்க முடியும். பொறுப்பு உரிமையாளருக்கு மாறுகிறது என்பதைத் தெளிவாக அறிவித்து, நிலைபொருளுக்கான உத்தரவாதத்தை மட்டும் விலக்கிக்கொள்ளும் உரிமை நிறுவனங்களுக்கு உண்டு.

வணிக இழப்பு மூன்றாவது. இதற்கு விடை லின்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரவுட்டரின் வரலாற்றில் உள்ளது. அதன் நிலைபொருள் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது என்பது தெரியவந்து, உரிம நிபந்தனைப்படி 2003இல் மூல நிரல் வெளியிடப்பட்டபின், அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திறந்த மூலத் திட்டம் 2004இல் பிறந்தது. 2005இல் செலவைக் குறைக்க நினைவகத்தைப் பாதியாக்கி வேறோர் இயங்குதளத்துக்கு மாறிய லின்க்ஸிஸ், பழைய அமைப்பையே விரும்பியவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்னும் தனிப்பதிப்பை வெளியிட்டது. வேகத்தில் புதிய ரவுட்டர்கள் அதனை எவ்வளவோ விஞ்சிய பின்னரும், பத்தாண்டுகளுக்கு மேல் அது விற்பனையில் இருந்தது. மின்னணுப் பொருள்களில் இத்தகைய நீண்ட ஆயுள் அரிது. திறந்த நிலைபொருளே அதை வழங்கியது. டாஸ்மோட்டாவையோ இஎஸ்பிஹோமையோ முன்கூட்டியே நிறுவி விற்கும் அதோம் போன்ற சிறு நிறுவனங்கள் இன்று பல்புச் சந்தையிலும் உள்ளன.

இவற்றை எல்லாம் கருதி, நான்கு கோரிக்கைகள் தங்கள் முன் வைக்கப்படுகின்றன. முதலாவது, மேலே விளக்கியவாறு, பல்பைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் திறக்கும் நிலைபொருள் மாற்றமுறை ஒன்று ஒவ்வொரு பல்பிலும் அமைய வேண்டும். இரண்டாவது, முனைகள், இயக்கிச் சில்லு, உச்ச மின்னோட்டம் ஆகியவற்றைக் கூறும் ஒரு பக்க விவரத்தாள் வெளியிடப்பட வேண்டும். மூன்றாவது, நிலைபொருளை மாற்ற விரும்பாத பெரும்பான்மையினருக்காக, சேவையகமின்றி வீட்டுக்குள்ளேயே கட்டளை ஏற்கும் வசதி இயல்பாகவே வழங்கப்பட வேண்டும். பல்கேரியாவின் ஷெல்லி நிறுவனக் கருவிகளில் இது நடைமுறையில் உள்ளது. நான்காவது, சேவையகமும் பாதுகாப்புத் திருத்தங்களும் எந்த நாள் வரை உறுதி என்பது பெட்டியின்மேல் அச்சிடப்பட வேண்டும். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதைத் தடைசெய்வதோடு, ஆதரவுக் காலத்தை அறிவிக்கவும் கட்டாயப்படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம், 2027 டிசம்பர் முதல், பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள் ஆதரவு தருமாறு கோரும். அந்த 5 ஆண்டுகளுக்குப் பின்னும் எரியக்கூடிய பல்புக்கு என்ன வழி என்னும் வினாவுக்கு முதற்கோரிக்கையே விடையாகும்.

தளநிறுவனம் தரும் தொகுப்பை மாற்றும் ஆற்றல் தங்களுக்கு இல்லை என்று கருதப்படலாம். உண்மையில் அவ்வாற்றல் கொள்முதல் செய்பவர் கையிலேயே உள்ளது. பல்பின் வாட் அளவையும், நிறவெப்பத்தையும், மேலுறையின் வண்ணத்தையும் ஒவ்வொரு கொள்முதல் ஆணையிலும் தங்கள் நிறுவனங்கள் வரையறுக்கின்றன; திறக்கும் முறையையும் விவரத்தாளையும் அவ்வாணையில் இரண்டு வரிகளாகச் சேர்ப்பது அதே உரிமையின் நீட்சிதான். சில பெரிய கொள்முதலாளர்கள் ஒருங்கே கேட்டாலே தளநிறுவனம் அதைத் தன் பொதுப் பதிப்பில் சேர்த்துவிடும். அதன்பின் கேட்காதவர்களின் பல்புகளிலும் அது இருக்கும். அடுத்த கொள்முதல் ஆணை தட்டச்சாகும் முன் அவ்விரு வரிகளும் பரிசீலிக்கப்பட வேண்டும் என்று இம்மடல் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
வாங்கிய கருவியைத் தாமே பேணிக்கொள்ள விரும்பும் பயனர்கள் சார்பில்